உதட்டைத் தைத்தால் போதுமா?

சில வாரங்களுக்கு முன், காணி அலுவல் ஒன்றின் பொருட்டு நல்லூரில் எம்மைக் காணவந்த கமக்காரர் ஒருவர், வந்த கருமம் முடிந்த பின்னும் செல்லாது தயங்கி நின்றார். காரணம் வினவினோம். "ஐயா, என் பேத்தி பிறக்கும்போதே உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. கடவுள் கிருபையால் இரண்டையும் தைத்துவிட்டார்கள். இப்போது அவளுக்கு எட்டு வயது. முன்பல் ஒன்று கோணி நிற்கிறது. அதற்குப் பக்கத்துப் பல் முளைக்கவேயில்லை. தைத்த பின்னும் இது ஏன்? எங்கள் தலைவிதி இன்னும் தீரவில்லையா?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு விடைதேடி மருத்துவம் அறிந்தோரை உசாவினோம், நூல்களையும் புரட்டினோம். நாம் கண்ட விடை இதுதான்: தலைவிதி என்று அம்முதியவர் கருதியதிற் பாதி, கருவிலே அமைந்தது, மறுபாதி மனிதர் கையில் உள்ளது. அம்மறுபாதியைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம். அரசியற் பத்திரிகைக்குப் பல்லைப் பற்றி என்ன பேச்சு என்று எண்ணும் வாசகர்கள், இறுதிவரை வாசித்த பின் தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகிறோம்.

உலகில் ஏறத்தாழ 700 பிறப்புக்களுக்கு ஒன்று என்ற அளவில் உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ காணப்படுகிறது. கருவின் நாலாவது கிழமைக்கும் ஏழாவது கிழமைக்கும் இடையில், இருபுறத்திலிருந்தும் வளர்ந்துவரும் இழையங்கள் நடுவில் வந்து கூடி மேலுதடாகின்றன. அண்ணம் பன்னிரண்டாவது கிழமையளவில் மூடி முடிகிறது. இக்கூடல் எங்கேனும் தவறினால் அவ்விடத்திற் பிளவு எஞ்சுகிறது. பாற்பற்களின் முதல் முளைகள் தோன்றத் தொடங்குவதும் ஆறாவது கிழமையளவிலேயே. ஒரே நிலத்தில், ஒரே காலத்தில் இவ்விரு வேலைகளும் நடைபெறுகின்றன. வரம்பு உடைந்த பாத்தியில் அவ்வுடைப்போரத்து நாற்றுக்கள் சீராக நில்லாமை கமக்காரர் அறிந்ததே. பிளவோரத்துப் பற்களின் நிலையும் அத்தகையதே.

நடுவெட்டும் பல்லுக்கும் வேட்டைப் பல்லுக்கும் இடையிலுள்ள பக்க வெட்டும் பல்லே பெரிதும் பாதிக்கப்படுவது. சிலருக்கு அது உருவாவதேயில்லை. சிலருக்கு ஆணிபோற் சிறுத்து முளைக்கிறது. வேறு சிலருக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டாக முளைக்கிறது. அதனை அடுத்துள்ள நடுவெட்டும் பல் திரும்பி நிற்பதும், அதன் மேற்பூச்சாகிய மிளிரி குறைபட்டிருப்பதும் உண்டு. இப்பிள்ளைகளின் நிலைப்பற்கள் மற்றைப் பிள்ளைகளுடையவற்றைவிடச் சராசரியாகச் சில மாதங்கள் பிந்தியே வளர்வதையும் பல ஆய்வுகள் கண்டுள்ளன. பிளவுக்குத் தொலைவிலுள்ள முன்கடைவாய்ப் பல்லும் சிலரில் இல்லாதிருக்கிறது. கத்தி தொடாத இடத்திலும் பல் இல்லாதிருப்பதால், சத்திரசிகிச்சை மாத்திரமே இதற்குக் காரணமன்று என்பது புலனாகும். ஐ.ஆர்.எவ். 6, எம்.எஸ்.எக்ஸ். 1 எனப்படும் பரம்பரை அலகுகள் உதடு, அண்ணம், பல் ஆகியவற்றின் ஆக்கத்திற் பங்குகொள்வதும், அவற்றில் நேரும் மாற்றங்கள் சில குடும்பங்களிற் பிளவையும் பல்லின்மையையும் ஒருங்கே விளைவிப்பதும் நிரூபிக்கப்பட்டவை.

இவ்விடத்தில் ஒரு வழக்கைத் தள்ளுபடி செய்யவேண்டியுள்ளது. கிரகண நேரத்தில் வெளியில் வந்தாள், அரிவாளைத் தொட்டாள், ஆகவே பிள்ளை இப்படிப் பிறந்தது என்று தாயைக் குறைகூறும் வழக்கம் எம்மிடையே இன்னும் அழியவில்லை. சாட்சியம் எதுவுமின்றித் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தீர்ப்பு இது. அவளுக்குத் தேவையான தைரியத்தை அது பறிக்கிறது. பிள்ளையை மறைத்து வளர்க்கச் செய்கிறது. மறைத்து வளர்க்கப்படும் பிள்ளை மருத்துவரிடம் பிந்திச் செல்கிறது. கிரகணத்துக்கும் பிளவுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

தொடர்புள்ளவை வேறு. கருவுற்ற தாய் புகைப்பது பிளவின் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது உறுதியானது. அருகிலிருப்போர் விடும் புகையும் நன்மை தருவதன்று. புகையிலையால் வாழ்ந்த எமது குடாநாட்டில், கர்ப்பிணி இருக்கும் வீட்டுத் திண்ணையிற் சுருட்டுப் பற்றவைப்பது ஆண்மக்களுக்குச் சாதாரணம். அதை விடுவது செலவில்லாத மருந்து. தாயின் நீரிழிவும், வலிப்புக்குக் கொடுக்கப்படும் வல்புரோவேற் போன்ற சில மருந்துகளும் அபாயத்தைக் கூட்டவல்லவை. ஆயினும், வலிப்பு மருந்தைத் தாமே நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். குழந்தை வேண்டுமென எண்ணும்போதே வைத்தியரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்வதே முறை. போலிக் அமில மாத்திரையைக் கருவுற்றபின் தேடுவதிலும் கருவுறுமுன் தொடங்குவது நன்று; உதடு கூடும் நாட்களிற் பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அறியார்.

இனி, மனிதர் கையிலுள்ள மறுபாதிக்கு வருவோம்.

அதில் முதலாவது, சத்திரசிகிச்சையின் காலமும் கைத்திறனும். பொதுவாக உதட்டை மூன்று மாதமளவிலும், அண்ணத்தை முதலாண்டை ஒட்டியும் தைப்பது வழக்கம். இவ்விடயத்தில் உலகம் கற்ற பெரும் பாடமொன்று இலங்கையிலிருந்தே சென்றது என்பதை எம்மிற் பலர் அறியார். 1980களின் நடுப்பகுதியில், இலண்டன் கிறேற் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த பற்சீரமைப்பு வைத்தியர் மைக்கேல் மார்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் தென்னிலங்கையிற் காலிக்கு வந்தனர். செல்வ நாடுகளிற் காண்பதற்கரிய ஒரு கூட்டத்தை அவர்கள் இங்கு கண்டனர்: பிளவு தைக்கப்படாமலே இளைஞராகவும் முதியவராகவும் வளர்ந்துவிட்ட ஏழை மக்கள். அவர்களைச் சிகிச்சை செய்ததோடு அளந்தும் பார்த்தனர். 1990 இல் மார்ஸ், ஹூஸ்ரன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, தைக்கப்படாத 13 வயதுக்கு மேற்பட்ட ஆண்களின் மேற்றாடை பெரும்பாலும் இயல்பாகவே முன்னோக்கி வளர்ந்திருந்ததைக் காட்டியது. ஆகவே, தாடை குறுகிப் பற்கள் நெருக்குண்டு மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடிக்கும் குறை, பிளவினால் மாத்திரம் வருவதன்று. சிறுவயதுத் தையலின் தழும்பு, சிறப்பாக அண்ணத்துத் தழும்பு, வளரும் எலும்பை இறுக்கிப் பிடிப்பதாலும் வருவது என்பது வெளியாயிற்று.

அவ்வாறாயின் தைக்காமலே விடலாமோ எனின், அதுவும் தவறு. அதே மக்களின் பேச்சை ஆராய்ந்த டெபி செல் முதலானோர், பிந்தித் தைக்கப்பட்டவர்களின் பேச்சு பெரும்பாலும் திருந்தவில்லை என்று கண்டனர். அண்ணம் திறந்திருக்கப் பேசப் பழகிய நாவுக்கு, பின்னர் அதை மூடினாலும் பழைய பழக்கம் போவதில்லை. முந்தித் தைத்தால் தாடை வளர்ச்சிக்குத் தடை. பிந்தித் தைத்தால் பேச்சுக்குக் கேடு. இவ்விரண்டுக்கும் இடையில், தக்க வயதில், இயன்றவரை தழும்பு குறைய, பழகிய கையால் தைப்பதும், அதன் பின் வளர்ச்சி முடியும்வரை பிள்ளையைக் கண்காணிப்பதுமே வழி. எமது கமக்காரரின் வினாவுக்கு விடையிற் பாதி இங்கே உள்ளது. பேத்தியைத் தைத்தவர் தவறு செய்தார் என்பதன்று. தையல் ஒரு சிகிச்சையின் தொடக்கமேயன்றி முடிவன்று.

இரண்டாவது, முரசிலுள்ள பிளவு. உதட்டையும் அண்ணத்தையும் மூடிய பின்னும் பல் நிற்கவேண்டிய எலும்பில் வெடிப்பு எஞ்சியிருக்கும். எலும்பில்லாத இடத்திற் பல் இறங்கி வேர்பிடிக்க இயலாது. ஆகையால் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்புத்தூளை எடுத்து அவ்வெடிப்பை நிரப்புகின்றனர். இதற்கு உகந்த காலம் பெரும்பாலும் 8 முதல் 11 வயது வரை: வேட்டைப் பல்லின் வேர் பாதியளவு வளர்ந்து, பல் இன்னும் இறங்காதிருக்கும் காலம். காலத்தில் நிரப்பினால் வேட்டைப் பல் தானே அப்புதிய எலும்பினூடாக இறங்குகிறது. இறங்குவதால் அவ்வெலும்பும் நிலைபெறுகிறது. காலந் தப்பினால், அதே சிகிச்சை பாதிப் பலனே தரும். மண் அணைத்தபின் நாற்று நடுவதற்கும், நாற்று வாடியபின் மண் அணைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எட்டு வயதுப் பேத்தியைப் பற்றி அம்முதியவர் கேட்டது, தற்செயலாக, கேட்கவேண்டிய வயதிலேயே கேட்ட கேள்வி. எத்தனை பேர் பதின்மூன்றிலும் பதினான்கிலும் கேட்கிறார்கள்!

மூன்றாவது, சூத்தை. பிளவுள்ள பிள்ளையின் பற்கள் நெருங்கியும் திரும்பியும் நிற்பதால் தூரிகை புகுவதில்லை. தழும்பேறிய மேலுதடு இறுக்கமாயிருப்பதால் தாய் அதை உயர்த்தித் துலக்க அஞ்சுகிறாள். மிளிரி ஏற்கனவே மெலிந்துள்ளது. இந்நிலையில், பால் குடிக்கக் கஷ்டப்பட்ட பிள்ளை என்ற இரக்கத்தினால் சீனி கலந்த பாலும் தேநீரும் இரவிலும் போத்தலில் ஊட்டப்படுகின்றன. சூத்தை பிடித்த பாற்பல்லை முந்திப் பிடுங்கினால் இருபுறத்துப் பற்களும் சரிந்து, நிலைப்பல்லுக்குரிய இடத்தை அடைக்கின்றன. பின்னர் கம்பி பூட்டிப் பற்களை நிரைப்படுத்த வேண்டிய வைத்தியர், பூட்டுவதற்கு நல்ல பல்லின்றி நிற்கிறார். விழப்போகும் பல்தானே என்று பாற்பல்லை அலட்சியம் செய்வது எந்தப் பிள்ளைக்கும் ஆகாது. இப்பிள்ளைகளுக்கு அறவே ஆகாது.

திறமையை எவ்வாறு ஒழுங்கு செய்வது என்பதற்கு இங்கிலாந்தின் அனுபவம் சான்று. செல்வம் மிக்க அந்நாட்டில் 57 நிலையங்கள் பிளவைத் தைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் சிலரே. 1998 இல் வெளியான அரச ஆலோசனைக் குழுவின் அறிக்கை, பெறுபேறுகள் மோசமென்று ஒளிவு மறைவின்றிக் கூறி, நிலையங்களை 8 முதல் 15 வரையாகக் குறைத்துத் திறமையை ஒன்றுதிரட்டுமாறு விதந்துரைத்தது. அவ்வாறே செய்தனர். ஒருபக்க முழுப்பிளவுள்ள ஐந்து வயதுப் பிள்ளைகளில், மேல்வரிசையும் கீழ்வரிசையும் மோசமாகப் பொருந்தாதிருந்தோர் முன்னர் நூற்றுக்கு 36. பின்னர் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 19. ஆனால் சூத்தையைப் பொறுத்தவரை அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். கத்திபிடிக்கும் கை ஓரிடத்திற் குவிய வேண்டும். பல் காக்கும் கை ஊர்தோறும் பரவ வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

எமது மண்ணில் நிலைமை யாது? ஒன்றுமே இல்லையென்று நாம் கூறவரவில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் வாய், முகத் தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. பேராதனையிற் பல் மருத்துவ பீடமும் அதன் வைத்தியசாலையும் உண்டு. கிராமங்களில் மருத்துவ மாதர் உளர். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்கள் உள. இவர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். குறை ஆட்களில் இல்லை. அவர்களைக் கோக்கும் நூலில் உள்ளது. போதனா வைத்தியசாலை கொழும்பிலுள்ள மத்திய அமைச்சின் கீழ் இயங்குகிறது. பாடசாலைப் பற்சிகிச்சையோ மாகாண நிருவாகத்தின் கீழ். ஒரே பிள்ளையின் உதடு ஓர் அரசாங்கத்துக்கும் பல் இன்னோர் அரசாங்கத்துக்கும் உரியதாகிவிட்டது! 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தம் சுகாதாரத்தை மாகாணங்களுடன் பகிர்ந்தது. ஆனால் வடமாகாணசபை முதன்முறை தெரிவு செய்யப்பட்டது 2013 இல். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், தெரிவான சபையின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. அதிகாரமுள்ளவரைக் கேள்விகேட்க மக்கள் பிரதிநிதி இல்லாத இடத்தில், பிள்ளையின் பதிவுத்தாள் எந்த மேசையில் உறங்குகிறதென்று கேட்பார் யார்? பல்லைப் பற்றிய பேச்சு அரசியலாவது இவ்விடத்தில்தான்.

காலந் தப்புதல் எமக்குப் புதிதன்று. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது, தெற்கே சிகிச்சைக்குச் செல்லவேண்டியிருந்த ஒன்பது வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். யுத்தம் ஓய்ந்து பாதை திறந்தபோது அப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. பாதை மூடியிருக்கிறதென்று வேட்டைப் பல் காத்திருந்திருக்குமா? இன்று பாதை திறந்துள்ளது. ஆயினும் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ்ஸேறி வரும் தாய்க்கு ஒரு நாட் கூலி போகிறது. மூன்று தவணைக்கு வந்தவள் நாலாவது தவணையைத் தவறவிட்டால், அது அவளுடைய அசட்டை என்று எழுதிவிடுவது எளிது, நீதியன்று.

மொழியும் இதிற் சேரும். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கசப்பை அறிந்த எமக்கு, 1987 இல் தமிழும் அரசகரும மொழியென்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது மாத்திரம் போதாது. எமது தாயின் கையிற் கொடுக்கப்படும் தாளில் அது தெரியவேண்டும். மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1822 இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்காகப் பாலபாடங்களை எளிய வசனத்தில் எழுதி அச்சிட்டார். இத்தகையோர் உழைத்த மண்ணில், எந்த வயதில் எந்தப் பல்லுக்கு என்ன செய்யவேண்டுமென்று கூறும் ஒரு தமிழ்த்தாள் எம்மைத் தேடிவந்த முதியவரின் கையில் இருக்கவில்லை.

சட்டத்தில் இடமுண்டோ எனின், 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் சுகாதாரம் எழுதப்படவில்லை என்பது உண்மை. ஆனால் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24 ஆம் உறுப்புரை, அடையத்தக்க மிக உயர்ந்த சுகாதார நிலையைப் பிள்ளையின் உரிமையாகக் கூறுகிறது. இலவச மருத்துவத்தைத் தன் பெருமையாகப் பேசும் அரசு, முதற் சத்திரசிகிச்சையை இலவசமாக்கிவிட்டு, அடுத்த பதினைந்து ஆண்டுகளைப் பெற்றோரின் அதிர்ஷ்டத்துக்கு விடுவது அவ்வாக்குறுதிக்கு ஒவ்வாது.

எனவே நாம் கோருவன ஐந்து. முதலாவது, வடமாகாணத்திற் பிளவுடன் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறந்த கிழமையிலேயே பதிவு. அப்பதிவு மத்தி, மாகாணம் ஆகிய இரு தரப்பாருக்கும் பொதுவாதல் வேண்டும். இரண்டாவது, சத்திரசிகிச்சை நிபுணர், பற்சீரமைப்பு வைத்தியர், சிறுவர் பல் வைத்தியர், பேச்சுப் பயிற்றுநர், தாதி ஆகியோர் ஒரே நாளில், ஒரே இடத்திற் பிள்ளையைக் காணும் குழு. மூன்றாவது, பிறந்தவுடன் ஒவ்வொரு குழந்தைக்கும் வழங்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுடன், தைக்கும் காலம், எலும்பு நிரப்பும் காலம், பல் பார்க்கும் காலம் என்பவற்றை நல்ல தமிழிற் குறித்த தாள் ஒன்று. நாலாவது, தீவகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வருவோருக்குப் போக்குவரத்துச் செலவு. ஐந்தாவது, ஐந்து வயதிலும் பத்து வயதிலும் பற்களின் அச்செடுத்துத் தரம் பார்த்தல். இலண்டனிலும் ஒஸ்லோவிலும் உள்ளோர் 1987 இல் அமைத்த கொஸ்லன் என்னும் அளவுகோல், இவ்வச்சுக்களை ஐந்து தரங்களாக வகுக்கிறது. அதை அமைத்தவர்களுள் மார்ஸும் ஒருவர். எமது நாட்டு ஏழைகளின் முகங்களிலிருந்து பாடம் கற்ற உலகின் அளவுகோலால், எமது பிள்ளைகளின் சிகிச்சையும் அளக்கப்படுவது நியாயமே.

அரசைக் கேட்பதோடு எமது கடன் முடிந்துவிடாது. வைத்தியர்களே, உங்கள் ஓய்வுநேரத்தில் ஓரிரு மணியைத் தமிழில் எழுதுவதற்குத் தாருங்கள். ஆசிரியர்களே, வகுப்பில் மூளியென்று ஏசும் குரலை முதலிலேயே அடக்குங்கள். சிரிப்புக்கு அஞ்சி வாய்மூடும் பிள்ளை, பல்லையும் காட்டாது, பாடத்தையும் ஒப்புவியாது. கமக்காரர்களே, பிள்ளையின் தவணை நாளை விதைப்பு நாள்போல் எண்ணுங்கள். இரவுப் போத்தலிற் சீனியை நிறுத்துங்கள். காலையும் இரவும் புளோரைட்டுப் பற்பசையால் நீங்களே துலக்கிவிடுங்கள்.

எம்மைத் தேடிவந்த முதியவரிடம் நாம் கூறியதும் இதுவே: "இது உங்கள் தலைவிதியன்று, ஐயா. அவளுக்கு எட்டு வயது. காலம் இன்னும் கடந்துவிடவில்லை. இந்தக் கிழமையே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். முரசெலும்பையும் வேட்டைப் பல்லையும் பார்க்கும்படி கேளுங்கள்." அவர் தம் கடமையைச் செய்வார் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் கேட்டறிந்து வருபவரின் பேத்திக்கு மாத்திரம் பல் நிரையாவதும், கேட்க அறியாதவரின் பேத்திக்கு அது கோணுவதும் ஒரு நாட்டுக்கு நீதியாகாது. கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோராண்டும், எட்டு வயது ஒன்பதாகிறது, பதினொன்று பன்னிரண்டாகிறது. கோப்புக்கள் காத்திருக்கலாம். பல் காத்திராது.